சித்தி நட்டுவைத்த வாக்காளர்கள்

உலகத்தில் இதுவரை பிறந்த துப்பறிவாளர்கள் அத்தனை பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, கூரியர் கவுண்ட்டரில் கொண்டுவந்து வைத்தால், சித்தி அதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாள். தூரத்திலிருந்தே, "உள்ள வெறும் காத்து" என்று சொல்லிவிடுவாள். சூரியன் தவறாமல் கிழக்கில் வருவதே, ஒருநாள் மேற்கில் வந்தால் சித்தி காரணம் கேட்பாளே என்ற பயத்தில்தான். ஒருமுறை 'பொம்மை' என்று எழுதி வந்த பார்சலைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "இது பொம்மை இல்ல, முதலைக்குட்டி. அதுவும் சளி பிடிச்ச முதலைக்குட்டி" என்று அவள் சொன்னதும், பிரித்துப் பார்த்தால் அது தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் ஊரறிந்த சரித்திரம்.

அப்பேர்ப்பட்ட சித்தி பகலில் கூரியர் அலுவலகக் கவுண்ட்டரில் இருப்பாள். பார்சலை வாங்கினால் குலுக்குவாள், முகர்வாள், எடைமெஷினில் வைப்பாள், முகவரியை வாய்விட்டுப் படித்து, "சரியா?" என்று கேட்பாள். அனுப்புகிறவர் தலையாட்டிய பிறகுதான் ஸ்டிக்கர் ஒட்டுவாள். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கடையில் வாங்கிய வெங்காயத்தைத் திரும்ப எடைபோடுவாள். லாரி ஓட்டும் சித்தப்பா வெளியூரிலிருந்து போன் செய்து, "நல்லா இருக்கேன்" என்றால், "நான் கேக்கவே இல்லையே, எதுக்கு முந்திக்கிட்டுச் சொல்றீங்க?" என்பாள். சித்தப்பா இப்போதெல்லாம் "சுமாரா இருக்கேன்" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்.

அவளுடைய அக்கா மகளுக்கு வீட்டிலும் தெருவிலும் ஒரே பேர்: வாலு. கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு, மறுபரீட்சைக்குப் படிக்கட்டும் என்று சித்தி வீட்டில் கொண்டுவந்து விடப்பட்டவள். கணக்கு வந்ததோ இல்லையோ, சித்தியின் குரலில் பேச நன்றாக வந்துவிட்டது. ஒருநாள் சித்தப்பாவின் போனை எடுத்து, சித்தி குரலிலேயே அவரைக் குறுக்கு விசாரணை செய்தாள். மனுஷன் பாவம், மத்தியானம் எந்தக் கடையில் சாப்பிட்டார், மிச்சம் வைத்தாரா என்பதுவரை ஒப்பித்தார்.

கவுன்சிலர் தேர்தல் வந்தபோது மருந்துக்கடை அக்கா நின்றார். யாருக்கு என்ன வியாதி என்று தெரிந்தும் வாயைத் திறக்காதவர் என்பதால் சித்திக்கு அவர்மேல் நம்பிக்கை. முக்கால்வாசி நம்பிக்கைதான், முழுசாகச் சித்தி இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. "வாக்காளர் விவரத்தைக் கட்டிக் காக்க ஒரு ஆள் வேணும். உங்களை விட்டா யாரு இருக்கா மேடம்?" என்று அவளைக் கூட்டிவந்தது டியூஷன் சார். வாலுவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே டியூஷன் சார்.

வேலை நடந்த இடம் சலூனுக்கு மேலே ஒரு மாடி அறை. முன்பு போட்டோ ஸ்டுடியோவாக இருந்தது. சுவரில் நீர்வீழ்ச்சி வரைந்த திரை இன்னும் தொங்கியது. அதற்கு முன்னால் பிளாஸ்டிக் மேசை, சித்தியின் லேப்டாப், பாம்புப் பிணையல் மாதிரி சார்ஜர் வயர்கள். ஜன்னல் ஒன்றே ஒன்று. காற்றுக்காக எப்போதும் திறந்திருக்கும். சலூனின் ஷாம்பு வாசனையும் கத்தரிக்கோல் சத்தமும் அதன் வழியாகத் தாராளமாக ஏறி வரும்.

டியூஷன் சார், பார்லர் அக்கா, சைக்கிள் கடைக்காரர் என்று மூன்று பேர் தினமும் சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார்கள். கேட்டதை போனில் வாய்ஸ் மெசேஜாகச் சித்திக்கு அனுப்புவார்கள். சித்தி காதில் வயரை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு, கதவு எண், ஆள், நிறம், தேவை என்று லேப்டாப்பில் ஏற்றுவாள். பச்சை என்றால் நம்ம ஆள். சிவப்பு என்றால் எதிர்த்து நிற்கும் சிமெண்ட் வியாபாரியின் ஆள். மஞ்சள் என்றால் மதில்மேல் பூனை. மஞ்சள் வீடுகளுக்கு மறுநாள் மருந்துக்கடை அக்காவே நேரில் போவார். தேர்தலே அந்தப் பூனைகள் எந்தப் பக்கம் குதிக்கும் என்பதில்தான் இருந்தது.

பூனைகள் ஒவ்வொன்றாகச் சிமெண்ட்காரர் பக்கம் குதிக்க ஆரம்பித்தன.

தெருவிளக்கு எரியவில்லை என்று சொன்ன வீட்டுக்கு அக்கா போய்ச் சேர்வதற்குள், சிமெண்ட்காரரின் ஆட்கள் ஏணியும் பல்புமாக நின்றிருந்தார்கள். காது மந்தமான பெரியவர் வீட்டில், கதவு திறக்கும்போதே கத்திப் பேசினார்கள்.

"காது கேக்காதுன்னு அவங்களுக்கு யாரு சொன்னது? அவர் நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?" என்றாள் சித்தி. "நம்ம ஆளுல ஒருத்தன் கறந்து அங்க ஊத்துறான்."

"யாரு சித்தி?" என்றாள், கணக்கு நோட்டோடு அங்கேயே உட்கார்ந்திருந்த வாலு.

"அதைத்தான் பாக்கப் போறேன். உன் முகம் ஏன் இப்படி இருக்கு?"

"என் முகமே இப்படித்தான்."

"ம்" என்றாள் சித்தி. அந்த 'ம்' நல்ல 'ம்' இல்லை.

அன்றிலிருந்து அறையில் யாரும் நிம்மதியாக இருமக்கூட முடியவில்லை. லேப்டாப் கேமராமேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டினாள். பாஸ்வேர்டை மாற்றி, மாற்றியதை அவளே மறந்து, அதற்கும் பார்லர் அக்காவைத்தான் முறைத்தாள். மின்விசிறி கிறீச்சிட்டால் நிறுத்திவிட்டு, கழுத்தை நீட்டி அதன் உள்ளே பார்த்தாள். நீர்வீழ்ச்சித் திரைக்குப் பின்னால் ஒட்டடைக் குச்சியால் குத்திப் பார்த்தபோது ஒரு பல்லிதான் ஓடியது. அதையும் வெகுநேரம் சந்தேகமாகவே பார்த்தாள்.

வாலு ஜன்னலில் தொங்கிக்கொண்டு கீழே வேடிக்கை பார்த்தாள். "சித்தி, இந்த மொட்டைத் தலை ஆள் தினமும் சாயங்காலம் சலூனுக்கு வர்றாரே, பாத்தியா? வெட்டறதுக்கு அங்க என்ன இருக்கு?"

"ஓசிப் பேப்பர் படிக்க வர்றான். உனக்கு ஊர் வம்பு எதுக்கு? கணக்கைப் போடு."

கூரியரில் எடைமெஷின்மேல் சந்தேகம் வந்தால், எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்ப்பார்கள். சித்தி அதே வழியில் போனாள். ஆளே இல்லாத இடங்களில் பொய் வாக்காளர்களை நட்டாள். தேர்தல் அலுவலகப் பட்டியலில் இல்லை, அறையின் சொந்தக் கணக்கில்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு பொய். மற்றவருக்குத் தெரியாமல் தனியாகக் கூப்பிட்டு, "இது நானே பாத்த வீடு, மஞ்சள். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று சொல்லி ஒப்படைத்தாள்.

டியூஷன் சாருக்குத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துப் பூட்டிய வீடு. தேவை: வாசல் பள்ளத்தை மூட வேண்டும். பார்லர் அக்காவுக்கு வாடகைக்குப் போகாத கிடங்கு. தேவை: பெரியவரை வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போகச் சக்கர நாற்காலி. சைக்கிள் கடைக்காரருக்குப் பாதி கட்டி நின்றுபோன வீடு. தேவை: மாடிப்படிக்குக் கைப்பிடி. எந்தப் பொய் சிமெண்ட்காரரிடம் போய் முளைக்கிறதோ, அந்த ஆள் திருடன். கடைசியில் நான்காவதாக ஒன்றை யாருக்கும் சொல்லாமல் லேப்டாப்பில் மட்டும் ஏற்றினாள். டிரான்ஸ்பார்மர் சுவரை ஒட்டி ஒரு வீடு. தேவை: உட்கார ஒரு பெஞ்சு.

"இது யாருக்கு சித்தி?"

"யாருக்கும் இல்ல. வெறும் தட்டையும் ஒரு தடவை எடை பாக்கணும்ல."

மறுநாள் காலை, பூட்டிய வீட்டு வாசலில் சிமெண்ட்காரரின் ஆட்கள் ஜல்லி கொட்டிப் பள்ளத்தை மூடிவிட்டு, பூட்டைப் பார்த்துக் கும்பிட்டு ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் எல்லோரும் இருக்கும்போது சித்தி ஆரம்பித்தாள். "சார், உங்க மச்சான் என்ன வேலை பாக்கறாரு?"

சார் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு இருக்கும். அதைத் தடவிக்கொண்டே, "பிரஸ் வச்சிருக்காரு. உங்களுக்குத் தெரியுமே மேடம்" என்றார்.

"யாரோட போஸ்டர் அடிக்கறாரு இப்ப?"

"சிமெண்ட்காரரோடது. அது அவர் பொழப்பு."

"அப்ப உங்க பொழப்பு எது? தொட்டிப் பக்கத்து வீட்டை உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். அங்க ஆளே கிடையாது. இன்னைக்குக் காலையில ஜல்லி விழுந்திருக்கு."

மருந்துக்கடை அக்கா சாரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "சார், நீங்க கொஞ்ச நாள் வராம இருந்தா நல்லது" என்றார்.

சார் சண்டை போடவில்லை. அறைச் சாவியை மேசைமேல் வைத்தார். "ஒரு தடவை விடை வந்துட்டா உடனே அடிக்கோடு போட்டுடக் கூடாது மேடம். இன்னொரு தடவை போட்டுப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் தேயும்வரை வாலு நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு பார்த்தால் கோடு தவிர ஒன்றும் இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? திருடன்கிட்ட பிள்ளையைப் படிக்க அனுப்புவதா என்று பெற்றவர்கள் யோசித்தார்கள். சார் வீட்டு வாசலில் சாயங்காலம் குவிந்து கிடக்கும் பிள்ளைகளின் செருப்புகள் குறைந்துகொண்டே வந்தன. வாசலில் செருப்பு இல்லாத டியூஷன் வீட்டுக்குப் புதுப் பிள்ளை எப்படி வரும்?

அதே சமயத்தில் சித்தி வீட்டில் பழைய செருப்புகள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் சித்தப்பாவின் அறுந்த ஜோடி. அடுத்து, வாலுவின் கால் வளர்ந்ததால் ஒதுக்கியது. அப்புறம் சித்தியே மழைக்குப் போடும் நீலச் செருப்பு.

"இந்தத் தேஞ்ச செருப்பை எவன் எடுப்பான்? இதுக்குப் பின்னாடி பெரிய கூட்டமே இருக்கு" என்றாள் சித்தி.

"ஆமா சித்தி, சர்வதேசக் கும்பல்" என்றாள் வாலு, கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

இதற்குள் காலியான கிடங்கு வாசலில் ஒரு சக்கர நாற்காலி வந்து நின்றது. பார்லர் அக்காவை முறைத்து முடிப்பதற்குள், கூரையே இல்லாத வீட்டு மாடிப்படியில் பளபளவென்று கைப்பிடி பொருத்திவிட்டார்கள். சித்தியின் பொய்களால் தெருவுக்கு வந்த வசதி, எந்தக் கவுன்சிலரும் செய்யாதது.

மருந்துக்கடை அக்கா நெற்றியில் கை வைத்தார். "என்னம்மா இது? அப்ப மூணு பேருமே திருடங்களா?"

"இருக்கலாம்க்கா. கூட்டுக் களவாணிங்க."

"சாரைப் போகச் சொன்ன பிறகும் நடக்குதே. அந்த மனுஷன் பேரைக் கெடுத்துட்டோமோன்னு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. முடிவா ஒண்ணு சொல்லு. அவர்தான்னா அவர்தான். இல்லைன்னா போய்க் காலைப் பிடிச்சாவது கூட்டிட்டு வா."

மறுநாள் கூரியரிலிருந்து வரும் வழியில் சித்தி டிரான்ஸ்பார்மர் சுவரை எட்டிப் பார்த்தாள். சுவரை ஒட்டி, பெயிண்ட் வாசனை போகாத ஒரு புது பெஞ்சு கிடந்தது. அதில் இரண்டு ஆட்டோக்காரர்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

யாருக்கும் சொல்லாத பொய் அது. லேப்டாப்புக்கும் சித்திக்கும் மட்டும்தான் தெரியும். அப்புறம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்திக்கும்.

மாடியேறி வந்தவள் வாலுவின் முன்னால் போய் நின்றாள். "நீதானா?"

"என்னது?"

"பெஞ்சு வந்திருக்கு. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். விளையாட்டுன்னு நெனச்சு எவன்கிட்ட உளறினே?"

வாலுவுக்கு எதற்கும் சிரிப்புதான் வரும். அன்று வரவில்லை. "என்னையா கேக்கற?" என்றாள். "என்னையா சித்தி?" அவ்வளவுதான். கதவைப் படாரென்று சாத்திவிட்டுக் கீழே இறங்கினாள். போக்கிடம் இல்லாமல் சலூன் வாசல்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே மொட்டை பேப்பரும் கையுமாக இருந்தார்.

கோபமானாலும் வேலையை விடாதவள் சித்தி. மேலே அன்றைய வாய்ஸ் மெசேஜ்களை ஏற்ற ஆரம்பித்தாள். ஜன்னல் வழியாக அவள் குரல் கணீரென்று இறங்கியது:

"கதவு எண் முப்பத்தாறு. மூணு ஓட்டு. மஞ்சள். தேவை, குப்பை வண்டி வர்றதில்லை. சரியா? சரி. கதவு எண் முப்பத்தேழு..."

கூரியர் கவுண்ட்டரில் முகவரியைப் படித்துப் படித்து ஊறிப்போன வாய். எழுதுவது எதுவானாலும் வாய்விட்டுப் படித்து, 'சரியா' என்று தன்னையே கேட்டுக்கொண்டால்தான் அவள் விரல் அடுத்த வரிக்குப் போகும். மேலே இருந்தவர்களுக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி பழகிவிட்டது, கேட்டும் கேட்காததாகிவிட்டது. அந்தப் பொய்கள் நான்கையும் அவள் அப்படித்தான் ஏற்றியிருந்தாள்.

மொட்டை பேப்பர் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். எழுதிவிட்டு போனை எடுத்தார். "அண்ணே, பெஞ்சு போட்டாச்சுல்ல? நாளைக்குக் குப்பை வண்டிண்ணே."

வாலு கண்ணைத் துடைப்பதை நிறுத்தினாள். பாய்ந்து அவர் பேப்பரைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் அவள் அதைவிடக் கெட்டிக்காரி. பூனை மாதிரி மாடியேறினாள்.

"சித்தி, கீழ சலூன்ல போய்க் கொஞ்ச நேரம் உக்காரு. துண்டால முகத்தை மூடிக்கோ. கேள்வி கேக்காதே."

கேள்வி கேட்காமல் இருப்பது சித்திக்கு மூச்சை அடக்குவது மாதிரி. ஆனால் வாலுவின் மூக்கு சிவந்திருந்ததைப் பார்த்தாள். உடனே இறங்கிப் போனாள்.

சலூன்காரர் பதறிவிட்டார். "அம்மா, இங்க லேடீஸ் கட்டிங்..."

"ஷ்ஷ்" என்று சித்தி ஓர நாற்காலியில் சாய்ந்து, வெள்ளைத் துணியைக் கழுத்துவரை இழுத்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டாள். அப்போது மேலேயிருந்து அவளுடைய சொந்தக் குரலே இறங்கி வந்தது:

"கதவு எண் பதினேழு. குடும்பத் தலைவர், டியூஷன் சார். நிறம், பச்சை. ஆனா மஞ்சளா ஆகிட்டு இருக்கு. தேவை..." குரல் ஒரு நொடி நின்றது. "தேவை, ஒரு மன்னிப்பு. சரியா? சரி."

சித்தி துண்டுக்கு அடியில் காதைக் கூர்மையாக்கினாள். பக்கத்தில் பேனா பரபரவென்று ஓடும் சத்தம் கேட்டது. "அண்ணே, பதினேழாம் நம்பர். மன்னிப்பு கேக்கணுமாம். எதுக்குன்னு தெரியலண்ணே. சரிண்ணே, நம்ம சார்பா நானே போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

சித்தி துண்டை எடுத்தாள். மொட்டைக்கு முகம் பேப்பர் மாதிரி வெளுத்தது.

"தலையில ஒண்ணுமில்ல, தாடியுமில்ல. இத்தனை நாளா இங்க என்ன வளர்த்துக்கிட்டு இருந்தே?" என்று கேட்டாள். பிறகு சலூன்காரரிடம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"உங்க குரல் எனக்கு ரேடியோ மாதிரிம்மா" என்றார் அவர் தலையைச் சொறிந்துகொண்டு. "வாடிக்கைக்காரங்களுக்கும் பொழுது போச்சு."

சித்தி வெள்ளைத் துணியைக்கூடக் கழற்றாமல் தெருவில் இறங்கினாள். மொட்டை முந்திக்கொண்டால் அந்த மன்னிப்பும் சிமெண்ட்காரர் கணக்கில் போய்விடும்.

சார் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு சின்னப் பையன் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தான். வாசலில் நாலைந்து ஜோடிச் செருப்புகள் கிடந்தன. சித்தி குனிந்து பார்த்தாள். சித்தப்பாவின் அறுந்த ஜோடி. கால் வளர்ந்ததால் ஒதுக்கியது. நீல மழைச் செருப்பு. நீலத்தை எடுத்து, எடை பார்ப்பதுபோல் கையில் ஏந்தி, திரும்ப வைத்தாள். பின்னால் ஓடிவந்து நின்ற வாலு, எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் வெளியே வந்தார். சித்தி கழுத்தில் சலூன் துணி தொங்குவதைப் பார்த்தார். "என்ன மேடம், பாதியிலேயே எழுந்து வந்துட்டீங்களா?"

சித்தி வாயைத் திறந்தாள். ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்ட வாய். பதில் சொல்லிப் பழக்கமில்லை. அதற்குள் மூச்சு இரைக்க மொட்டை வந்து சேர்ந்துவிட்டார். கையைக் கூப்பினார். "சார், என்ன நடந்திருந்தாலும் எங்க வேட்பாளர் சார்பா மனசார மன்னிப்பு கேட்டுக்கறோம். மறக்காம..."

"போய்யா அந்தப் பக்கம்!" என்றாள் சித்தி. அதோடு சாரிடம் திரும்பினாள். "சார், அவன் கேட்டது அவன் கணக்கு. என்னுது தனி. ஓட்டை என் வாயிலதான் இருந்திருக்கு. இன்னொரு தடவை போட்டுப் பாக்கச் சொன்னீங்க. நான் பாக்கல. எல்லார் முன்னாடியும் உங்களைத் திருடன்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும் இல்லைன்னு சொல்றேன். எந்தெந்த வீட்டுப் பிள்ளைங்க நின்னுடுச்சுன்னு சொல்லுங்க. கதவு கதவா நானே போறேன்."

சார் சாக்பீஸைத் தடவினார். "சத்தமா சொல்லுவீங்கல்ல?"

"அதான் தெரியுமே" என்றாள் சித்தி.

சொன்னபடியே போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று கணீரென்று சொல்லி, "சரியா?" என்று கேட்டு, வீட்டுக்காரர் தலையாட்டிய பிறகுதான் நகர்ந்தாள். செருப்புகள் திரும்பி வந்தன. இந்த முறை அவற்றைப் போட்டு நடக்கும் பிள்ளைகளோடு. மாடி ஜன்னல் சாத்தப்பட்டது. சலூனுக்கு மொட்டை அப்புறம் வரவில்லை; பேப்பர் மட்டும் மடிப்புக் கலையாமல் கிடந்தது. மருந்துக்கடை அக்கா ஜெயித்தார். மறுபடி எண்ணச் சொன்ன ஒரே ஆள், ஜெயித்த பக்கத்திலிருந்த சித்திதான்.

வெற்றிக்குப் பிறகு, உழைத்தவர்களைப் பற்றி ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதிச் சின்னப் புத்தகமாக ஜெராக்ஸ் போடலாம் என்றார் அக்கா. யார் யாரைப் பற்றி எழுதியது என்று பேர் போடக் கூடாது, அப்போதுதான் மனம்விட்டு எழுதுவார்கள் என்றார். சித்தியைப் பற்றிய முதல் தாள், கையெழுத்து தெரியாதபடி டைப் அடித்து, அக்காவின் மேசைமேல் யாரோ வைத்துவிட்டுப் போனதாகக் கிடந்தது. சித்தி அதை எடுத்துக் குலுக்கினாள், முகர்ந்தாள், பிறகு முதல் பத்தியை வாய்விட்டுப் படித்தாள். துப்பறிவாளர்கள், சாக்கு, சூரியன், முதலைக்குட்டி.

"யார் எழுதினது?"

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். வாலு எல்லோரையும்விட அப்பாவியாகப் பார்த்தாள். "பார்லர் அக்காவா இருக்கும் சித்தி. அவங்கதான் அழகா எழுதுவாங்க."

"அந்தப் பார்சல்ல என்ன இருந்துச்சுன்னு பார்லர்காரி கேட்டப்ப, ஆமைன்னு சொன்னேன்" என்றாள் சித்தி. "சைக்கிள் கடைக்காரருக்குக் கிளி. சாருக்கு முயல். முதலைக்குட்டி ஒரே ஒரு ஆளுக்குத்தான் கொடுத்தேன்."

வாலு வாசலைப் பார்த்தாள். வாசலில் சார் நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப அதுல நிஜமா என்னதான் சித்தி இருந்தது?"

"பொம்மை" என்றாள் சித்தி. தாளை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் பத்திரமாக வைத்து ஜிப்பை இழுத்தாள். "சளி நீயா சேர்த்தது."